போனில் டொக்டரோடு கதைக்க முன்னர் வீட்டில் செய்து வைக்க வேண்டியவை

வாகரையில் இருந்தோ மண்டூரில் இருந்தோ மட்டக்களப்பு டவுனுக்கு வந்து, நம்பர் வரும்வரை வாங்கில் குந்தியிருந்து, அஞ்சு நிமிசம் டொக்டரோடு கதைத்துவிட்டு வீடு திரும்ப ஒரு முழுநாள் போய்விடும். அந்த அஞ்சு நிமிசத்தில் அவர் உடம்பைத் தொடவே இல்லை, ரிப்போர்ட்டைப் பார்த்து ஒரு குளிசையைக் கூட்டிக் குறைத்து எழுதினார் என்றால், அந்த வேலை போனிலேயே முடிந்திருக்கும். ஈ-சனலிங், டொக் 990, ஓடொக் போன்ற டொக்டரைப் பதியும் செயலிகள் முன்னரே இருந்தாலும், 2020 மார்ச் 20 கோவிட் ஊரடங்குக்குப் பிறகுதான் நம் ஆட்கள் வீட்டில் இருந்தபடி டொக்டரோடு கதைக்கப் பழகினார்கள். கிளினிக் மருந்து தபால்காரரின் கையால் வீட்டுக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். ஊரடங்கு போய்விட்டது, பழக்கம் நிலைத்துவிட்டது.

ஆனால் போனில் இருக்கிற டொக்டரால் நாடி பிடிக்க முடியாது, நெஞ்சில் குழாய் வைக்க முடியாது, வயிற்றை அமத்திப் பார்க்க முடியாது. நீங்கள் அளந்து சொல்லும் இலக்கங்களும் காட்டும் படங்களும்தான் அவர் கையில் உள்ளவை. ஆயத்தமில்லாமல் எடுத்த அழைப்பு பெரும்பாலும் "நேரில வந்து காட்டுங்க" என்று முடியும். காசும் போகும், பயணமும் போக வேண்டிவரும்.

போனை வைத்துவிட்டு வண்டி பிடிக்க வேண்டியவை

நெஞ்சு நோவு முதலாவது. நடு நெஞ்சில் பாரம், இறுக்கம், எரிவு, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை. இதை "வாய்வுக்குத்து" என்று சொல்லி இஞ்சித் தண்ணி குடித்துக்கொண்டு இருப்பதுதான் நம் பக்கத்தில் மிக ஆபத்தான பழக்கம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் நோவே இல்லாமல் மூச்சுமுட்டும் சத்தியும் களைப்பும் மட்டும் வரலாம். ஈசிஜி எடுக்காமல் இது வாய்வா மாரடைப்பா என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியாது, போனில் ஈசிஜி எடுக்கவும் முடியாது. களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறை, பொத்துவில் என்று கிட்ட எந்த ஆதார வைத்தியசாலை இருக்கிறதோ அங்கே போங்கள். டவுன் வரை ஓட வேண்டாம். இதயத்தின் அடைபட்ட இரத்தக்குழாயைத் திறக்கும் மருந்துக்கு ஒவ்வொரு நிமிசமும் கணக்கு.

வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல், பேச்சுக் குழறல் இருந்தால், அது தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து எழுதிக்கொண்டு உடனே புறப்படுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது. டொக்டர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மணிக்குத் தொடங்கினது?" என்பதாகத்தான் இருக்கும். நித்திரையால் எழும்பும்போதே அப்படி இருந்தால், கடைசியாக நல்லா இருந்தது எப்போது என்பதைச் சொல்லுங்கள்.

பாம்புக்கடி, கிருமிநாசினி குடித்தது (போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்), வலிப்பு, மயக்கம், நிற்காத இரத்தம், தலையில் அடிபட்டுச் சத்தி எடுப்பது, கர்ப்பிணிக்குப் பிள்ளைத் துடிப்புக் குறைவது, கடும் தலையிடியோடு கண் மங்குவது, மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் ஆகியவற்றுக்கும் போன் வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுக்க வந்தது. அழைக்கும்போது வீட்டு இலக்கத்தைவிட சந்தி, கோயில், பள்ளிவாசல், பாடசாலை போன்ற அடையாளத்தைச் சொல்லி, ஒரு ஆளை ரோட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அடையாளம் சொல்லாவிட்டால் உள்வீதிகளில் வண்டி சுற்றித் திரியும்.

எதற்குப் போன் சரி

ரிப்போர்ட் விளக்கம் கேட்பது, தொடர்ந்து பார்க்கும் டொக்டரிடம் மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது, தோலில் வந்த படை, சொறி, தடிமன், இருமல், நித்திரையின்மை, மனச்சோர்வு, ஒப்பரேசனுக்குப் பிறகு காயத்தைக் காட்டுவது, கொழும்பில் பார்த்த ஸ்பெசலிஸ்ட்டிடம் மறுமுறை கதைப்பது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் எங்கள் பக்கத்தில் பெறுமதி அதிகம்: உதயதேவியிலோ இரவு பஸ்ஸிலோ போய்வரும் செலவும் அலைச்சலும் அப்படியே மிஞ்சும். "இதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, இருக்கலாமா?" என்று கேட்கவும் போன் நல்லது.

அரச ஆஸ்பத்திரியின் மாதக் கிளினிக்கை இதனால் ஈடுசெய்ய முடியாது. பிரைவேட் டொக்டர் போனில் எழுதும் துண்டுக்கு அரச ஆஸ்பத்திரி பாமசியில் இலவச மருந்து தரமாட்டார்கள், வெளியில் காசுக்குத்தான் வாங்க வேண்டும். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றுக்கும் மாதா மாதம் மருந்து எடுக்கிறவர் போனை நம்பிக் கிளினிக்கை விட்டால், கன்சல்டேசன் காசைவிட மருந்துக்காசு பல மடங்காகும். கிளினிக் நாள் மாற வேண்டியிருந்தால் முதலில் கிளினிக் அறைக்கே ஆளனுப்பிக் கேளுங்கள். கொப்பியைக் கொண்டு வீட்டு ஆள் போனால் ஒரு முறைக்கு மருந்து தருகிற இடங்கள் உண்டு.

வீட்டில் இருக்க வேண்டிய சாமான்

பிரஷர் மெசின் மேல்கையில் கட்டுவதாக இருக்கட்டும். மணிக்கட்டில் கட்டுவது கையை வைக்கும் உயரம் கொஞ்சம் மாறினாலே பிழையாகக் காட்டும். பட்டியின் அளவைப் பாருங்கள். சாதாரணப் பட்டி 22 முதல் 32 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள கைக்கு. பருமனான கைக்கு அதைக் கட்டினால் பிரஷர் உள்ளதைவிடக் கூடவாகக் காட்டும், பெரிய பட்டி வாங்க வேண்டும். அளக்கும் முறை: சலம் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் இரண்டும் நிலத்தில் பட, கையை மேசையில் நெஞ்சு மட்டத்தில் வைத்து, அஞ்சு நிமிசம் கதைக்காமல் இருங்கள். அரை மணித்தியாலத்துக்குள் தேத்தண்ணி, கோப்பி, சுருட்டு, வெத்திலை வேண்டாம். ஒரு நிமிச இடைவெளியில் இரண்டு தரம் அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையும் பின்னேரமும் ஏழு நாள் இப்படி எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி பார்த்தால், அது டொக்டரின் அறையில் ஒரு தரம் அளந்ததைவிட நம்பத்தகுந்தது. வீட்டில் எடுத்த சராசரி 135/85ஐத் தாண்டினால் பிரஷர் கூட என்று கொள்வார்கள். 180/120க்கு மேல் காட்டி, அதோடு தலையிடி, நெஞ்சு நோவு, கண் மங்கல் ஏதாவது இருந்தால் ஆஸ்பத்திரிதான்.

சீனி அளக்கும் குளுக்கோமீற்றரில் நடக்கும் பிழைகளில் பல விரலில்தான். மாம்பழமோ சீனியோ தொட்ட கையைக் கழுவாமல் குத்தினால் 300 காட்டும், ஆள் பயந்துபோய் இன்சுலினைக் கூட்டிப் போடுவார். சவர்க்காரத்தால் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். ஸ்ட்ரிப் போத்தலை மூடியே வையுங்கள். வெயிலும் ஈரமும் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும், எங்கள் கரையோர ஈரக்காற்றில் திறந்து கிடந்த போத்தலை நம்ப வேண்டாம். லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ பிள்ளைகள் அனுப்பிய மீற்றர் 7.0, 11.2 என்று காட்டும். அது மில்லிமோல் கணக்கு. 18ஆல் பெருக்கினால் இங்கே பழகிய மில்லிகிராம் கணக்கு வரும், 7.0 என்பது 126. அந்த மீற்றருக்கு ஸ்ட்ரிப் இங்கே கிடைக்குமா என்று பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது அலுமாரிச் சாமான். அளந்தது வெறும் வயிற்றிலா, சாப்பாடு தொடங்கி இரண்டு மணித்தியாலத்திலா என்பதையும் இலக்கத்தோடு எழுத வேண்டும். 70க்குக் கீழே போனால் டொக்டரைத் தேடாமல் முதலில் மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடித்து, 15 நிமிசத்தில் திரும்ப அளவுங்கள். ஆள் மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 1990தான்.

இரத்தத்தில் உள்ள ஒட்சிசனைக் காட்ட விரலில் மாட்டும் ஒட்சிமானி பல வீட்டில் கோவிட் காலத்தில் வாங்கிக் கிடக்கிறது. பற்றரியைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் கம்பியைத் தின்றுவிடும். நகப்பூச்சு, மருதாணி உள்ள விரலில் மாட்ட வேண்டாம். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, கையை ஆட்டாமல், இலக்கம் நிலைக்கும்வரை அரை நிமிசமாவது பொறுங்கள். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடவாகக் காட்டும் தன்மை இதற்கு உண்டு. அதனால் 94, 93 என்று வந்தால் "கிட்டத்தட்டச் சரி" என்று விடாமல் டொக்டரிடம் சொல்லுங்கள், 92க்குக் கீழே என்றால் புறப்படுங்கள்.

இவற்றோடு டிஜிற்றல் வெப்பமானி, எடை பார்க்கும் தராசு, நல்ல டோர்ச், மில்லி குறித்த மருந்துக் கரண்டி அல்லது சிரிஞ்ச். அவ்வளவும் போதும். இதயத்துடிப்புக் காட்டும் கடிகாரம் போன்றவற்றை டொக்டர்கள் பெரிதாக எடுப்பதில்லை.

மருந்தையும் ரிப்போர்ட்டையும் அடுக்குவது

"வெள்ளைக் குளிசை ஒண்டு, சின்ன ரோஸ் குளிசை ஒண்டு" என்று சொன்னால் டொக்டருக்கு ஒன்றும் விளங்காது. வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் வெள்ளைத் துணியில் பரப்பி, பெயர் தெரிய ஒரு படம் எடுங்கள். குளிசைக் காட்டைப் பெயர் உள்ள பக்கத்தில் இருந்து கிழிக்கத் தொடங்கினால் கடைசியில் மிஞ்சுவது பெயரில்லாத துண்டு. மற்றப் பக்கத்தால் தொடங்குங்கள். ஆஸ்பத்திரியில் கடதாசி உறையில் போட்டுத் தரும் குளிசைக்குப் பெயரே இராது. அதற்குக் கிளினிக் கொப்பியின் கடைசி இரண்டு பக்கங்களைப் படம் எடுங்கள்.

கசாயம், லேகியம், ஆயுர்வேதக் குளிசை, கடையில் கேட்டு வாங்கிய நோவுக் குளிசை எல்லாவற்றையும் சொல்லுங்கள். யாரும் ஏசமாட்டார்கள். டைக்குளோபினாக், ஐபுபுரொபன் போன்ற நோவுக் குளிசைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. பிரஷர் குளிசையோடும் சலம் போகும் குளிசையோடும் சேர்ந்தால் இன்னும் மோசம். சிறுநீரக நோய் கூடுதலாக உள்ள அம்பாறை மாவட்ட உட்பகுதிகளில் இருப்பவர்கள் இதை மறைக்கவே கூடாது. ஒத்துக்கொள்ளாத மருந்து எது, அதைக் குடித்தபோது என்ன நடந்தது என்பதையும் கொப்பியின் முன்மட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

ரிப்போர்ட்டை மேசையில் விரித்து, நேர் மேலே இருந்து, நான்கு மூலையும் விழ எடுங்கள். பெயர், திகதி, அளவின் அலகு, வலது பக்கத்தில் உள்ள சாதாரண அளவு எல்லாம் தெரிய வேண்டும். பிளாஷ் போட்டால் பளபளப்புத் தாளில் நடு இலக்கம் வெளுத்துப் போகும். பழைய ரிப்போர்ட் இருந்தால் அதையும் சேருங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.4 என்பது போன வருசம் 1.4ஆ 0.9ஆ என்பதில்தான் முடிவு இருக்கிறது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கி மங்கலாக்கும். டொக்கியுமன்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

தோல் வருத்தத்துக்கு மூன்று படம்: உடம்பின் எந்தப் பகுதி என்று தெரியத் தூரத்தில் ஒன்று, கிட்ட ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்து ஒன்று. காலை வெளிச்சத்தில் ஜன்னலடியில் எடுங்கள். முகத்தை வெளுப்பாக்கும் பில்டர் பல போன்களில் தானாகவே ஓடும். அதை நிறுத்தாவிட்டால் சிவப்பு மறைந்து, வருத்தமே இல்லாத தோலைத்தான் டொக்டர் பார்ப்பார். சீனி வருத்தக்காரரின் காலை எடுப்பதானால் விரலிடுக்கும் உள்ளங்காலும் கட்டாயம். புண் இருந்தால் படம் அனுப்புவதோடு நிற்காமல் நேரிலும் காட்ட வேண்டும்.

வந்து வந்து போகும் வருத்தத்தை வரும்போதே வீடியோ எடுங்கள். பிள்ளையின் இழுப்பு, இரவு இருமல், கை நடுக்கம், கை கால் வெட்டி இழுப்பது எல்லாம் அழைப்பு வரும் நேரம் ஒளிந்துகொள்ளும். 20 வினாடி போதும்.

பதிவும் சிக்னலும்

செயலியில் மொழி, ஆண் பெண் டொக்டர் என்று தெரிவு செய்ய இடம் இருந்தால் அதைப் பாருங்கள். தமிழ் கதைக்கும் டொக்டர் கிடைப்பது பாதி வைத்தியம். பெயரை இலங்கை மருத்துவ சபையின் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். பதிவு இலக்கம் இல்லாத ஆளிடம் மருந்து எழுதி வாங்க வேண்டாம். பேஸ்புக்கில் "சீனியை அடியோடு மாத்துறம், முதலில் காசு போடுங்க" என்று வரும் இலக்கங்கள் டொக்டர்கள் அல்ல. செயலிக்குள் காசு கட்டும்போது வரும் ஓடிபியை யாருக்கும் வாசித்துக் காட்டக்கூடாது. நோயாளியின் பெயரையும் வயதையும் சரியாகப் போடுங்கள். மகளின் கணக்கில் பதிந்து அம்மாவுக்குக் கதைத்தால் மருந்துத் துண்டு 27 வயது மகளின் பெயரில் வரும், பாமசியில் தரமாட்டார்கள்.

டொக்டர் குறித்த நேரத்துக்குச் சரியாக எடுப்பார் என்று நம்ப வேண்டாம். அரை மணித்தியாலம் முன்னாடியோ பின்னாடியோ எடுக்கலாம், அதுவும் தெரியாத இலக்கத்தில் இருந்து. தெரியாத இலக்கங்களைத் தடுக்கும் வசதியை அன்றைக்கு நிறுத்தி வையுங்கள். பற்றரி சேமிப்பு ஓடினால் செயலியின் மணியே அடிக்காது. இந்த இரண்டாலும் அழைப்புத் தவறுவது உண்டு.

வீடியோவுக்கு நிமிசத்துக்கு 5 முதல் 10 எம்பி வரை போகும். கால் மணித்தியாலத்துக்கு 150 எம்பி கையில் இருந்தால் போதும். வவுணதீவு, வெல்லாவெளி உட்புறங்களிலும் பாணமைப் பக்கத்திலும் வீட்டுக்குள் சிக்னல் விழாத இடங்கள் உண்டு. முதல்நாளே முற்றத்தில் எந்த மூலையில் வீடியோ ஓடுகிறது என்று யாருக்காவது அடித்துப் பாருங்கள். மாரி மழையில் அதுவும் இல்லாவிட்டால் சாதாரண அழைப்பையே கேளுங்கள், படங்களை முன்கூட்டி அனுப்பி வைத்தால் குரல் மட்டுமே போதும். தேங்கித் தேங்கி ஓடும் வீடியோவைவிடத் தெளிவான குரல் நல்லது.

கதைக்கும் நேரம்

கிடைப்பது பத்து நிமிசம். முதல் ஒரு நிமிசத்தைத் தாளில் எழுதி வைத்துச் சொல்லுங்கள். வயது, பழைய வருத்தம், இப்போதைய பிரச்சினை, எப்போது தொடங்கியது, கூடுகிறதா குறைகிறதா, என்ன குடித்தார், அளவுகள், உங்கள் கேள்வி என்ற ஒழுங்கில் போனால் சரி. இப்படி:

"டொக்டர், அம்மாவுக்கு 61 வயசு. சீனியும் பிரஷரும் ஒன்பது வருசமா இருக்கு, மருந்துப் படம் அனுப்பியிருக்கன். நாலு நாளா ரெண்டு காலும் வீங்குது, பின்னேரத்தில கூட. மூச்சுமுட்டல் இல்ல, ஒரே தலகணியிலதான் படுக்கிறா. பிரஷர் நேத்து 148க்கு 86, இண்டைக்கு 150க்கு 88. போன மாசம் ஒரு குளிசை புதுசாக் குடுத்தவங்க, அதாலயா எண்டுதான் கேக்கணும்."

இதில் டொக்டருக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. தலைகணிக் கணக்குக்கூட: இரண்டு மூன்று வைத்தால்தான் படுக்க முடியும் என்றால் அவர் இதயத்தை யோசிப்பார். அம்லோடிபின் போன்ற சில பிரஷர் குளிசைகளே காலை வீங்க வைக்கும் என்பதால் கடைசி வரியும் முக்கியம். அதற்காக நீங்களாகவே குளிசையை நிறுத்த வேண்டாம்.

நோயாளியைப் பக்கத்தில் இருத்துங்கள். கட்டாரில் இருக்கிற மகன் அங்கிருந்து டொக்டரை எடுத்து "வாப்பாவுக்கு ஏலாதாம்" என்று சொல்வதில் ஒரு பயனும் இல்லை. அவர் காசு கட்டட்டும், கதைப்பவர் வாப்பாவோடு வீட்டில் இருப்பவராக இருக்கட்டும்.

பிறகு டொக்டர் உங்கள் கையை இரவல் கேட்பார். கால் வீக்கத்துக்கு முன்னங்கால் எலும்பின் மேல் பெருவிரலால் பத்து எண்ணும்வரை அமத்தி எடுக்கச் சொல்வார். குழி அப்படியே நின்றால் அதைக் கமராவில் காட்டுங்கள். நகத்தை அஞ்சு வினாடி அமத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். தொண்டைக்கு, கரண்டிக் காம்பால் நாக்கை அமத்தி, மற்றொருவர் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க, பின்பக்கக் கமராவால் எடுங்கள், முன்பக்கக் கமரா மங்கல். வயிற்று நோவுக்கு ஆளைப் படுக்க வைத்து, நோகாத இடத்தில் தொடங்கி நோகும் இடத்துக்கு மெல்ல வாருங்கள். வலது கீழ்ப்பக்கம் நோகும்போது இருமினாலோ துள்ளினாலோ உயிர்போகிறது என்றால் குடல்வாலாக இருக்கலாம், அதைச் சொல்ல மறக்க வேண்டாம்.

பிள்ளைக்கு இருமலும் காய்ச்சலும் என்றால் மூச்சை எண்ணுவதே பெரிய சோதனை. அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து முழு 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் குழந்தைகளில் பிழைக்கும், அவர்கள் விட்டு விட்டு மூச்சு எடுப்பார்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்தவருக்கு 60ம், ஒரு வயது வரை 50ம், ஒன்றில் இருந்து அஞ்சு வயது வரை 40ம் வந்தாலே மூச்சு வேகம். விலா கீழே உள்ளே இழுபட்டால் எண்ணிக்கொண்டு இராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இழுப்புக்காரர் பம்பைக் கமராவுக்கு முன்னால் ஒரு தரம் இழுத்துக் காட்டுங்கள். "மருந்து வேலை செய்யுதில்ல" என்பவர்களில் பலருக்கு இழுக்கும் முறைதான் பிழை. இதை அறையில்கூட ஆறுதலாகப் பார்க்க டொக்டருக்கு நேரம் கிடைப்பதில்லை.

மருந்துத் துண்டு

படமாக வரும் துண்டில் நோயாளியின் பெயர், வயது, திகதி, டொக்டரின் பெயர், பதிவு இலக்கம், கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். அழைப்பை வைக்க முன்னர் ஒவ்வொரு மருந்தையும் நீங்கள் திரும்பச் சொல்லுங்கள்: பெயர், எத்தனை, எப்போது, எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. தைரொயிட்டுக்கான தைரொக்சின் குளிசை மைக்ரோகிராமில் எழுதுவது, மில்லிகிராம் அல்ல. 0.5 என்பதில் புள்ளி மங்கினால் 5 ஆகும். நித்திரைக் குளிசையும் கட்டுப்பாட்டில் உள்ள மற்ற மருந்துகளும் போனில் எழுதித் தரமாட்டார்கள், கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

பிள்ளைக்கு எழுதும் மருந்து எடைக் கணக்கு. அன்றைக்கே நிறுத்த எடையைச் சொல்லுங்கள். பரசிட்டமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால். 10 கிலோப் பிள்ளைக்கு 150 மில்லிகிராம், அதாவது 5 மில்லியில் 120 உள்ள பாணியில் ஏறத்தாழ 6 மில்லி. 5 மில்லியில் 250 உள்ள பாணியும் கடையில் உண்டு, அதில் 3 மில்லிதான். அளவை "ஒரு கரண்டி" என்று மனதில் வைத்துக்கொண்டு போத்தலை மாற்றினால் இரண்டு மடங்கு போகும்.

காய்ச்சல் காலம்

கார்த்திகையில் இருந்து மாசி வரை மழையோடு டெங்கும் வரும். முதல் இரண்டு நாள் காய்ச்சலுக்குப் போன் நல்ல துணை, ஆனால் மூன்றாம் நாள் இரத்தம் பார்க்க வேண்டும். காய்ச்சல் தொடங்கிய நேரத்தை எழுதுங்கள், "முந்தாநாள்" என்று சொன்னால் நாள்கணக்குப் பிழைக்கும். பரசிட்டமோலைத் தவிர வேறு நோவுக் குளிசை வேண்டாம். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 24 மணித்தியாலத்தில் எட்டைத் தாண்டக்கூடாது. கஞ்சி, இளநீர், ஒரு லீற்றர் ஆறிய நீரில் கரைத்த ஒரு பைக்கற் ஜீவனி கொடுங்கள். சிவப்பு, மண்ணிறப் பானம் வேண்டாம், சத்தியில் வந்தால் இரத்தமா என்று தெரியாது. எத்தனை தரம் சலம் போனது என்றும் எழுதுங்கள்.

டெங்கு பார்க்கும் என்எஸ்1 இரத்தச் சோதனையில் இல்லை என்று வந்தால் டெங்கு இல்லை என்று ஆகாது. பிளேட்லெட் 100,000க்குக் கீழே போனால் வாட்டில் இருக்க வேண்டும். காய்ச்சல் விடும் நாள்தான் கெட்ட நாள்: காய்ச்சல் விட்டும் ஆள் சோர்ந்து, கை கால் குளிர்ந்து, வயிறு நொந்து, தொடர்ந்து சத்தி எடுத்து, ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிக்கும் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் தொடக்கத்திலேயே நேரில் காட்டுங்கள். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வயல் வேலை என்பதை டொக்டர் கேட்க முன்னரே சொல்லி, நேரில் போங்கள்.

மறைவாகக் கதைக்க வேண்டியவை

ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்றால் பெண்களின் வருத்தமும் இளவட்டங்களின் மனக்கஷ்டமும் கடைசிவரை சொல்லப்படாமல் போகும். இயர்போன் போட்டு, கதவைச் சாத்தி, ஆட்களை வெளியே போகச் சொல்வது டொக்டரே கேட்கக்கூடிய ஒன்றுதான். அந்தரங்க உறுப்பின் படத்தை டொக்டர் கேட்டால் மட்டும் அனுப்புங்கள். அனுப்பிய பின் கேலரியிலும் குப்பைத்தொட்டியிலும், தானாகச் சேமிக்கும் கூகிள் போட்டோசிலும் அழியுங்கள், போனைத் திருத்தக் கொடுக்கும் நாள் ஒன்று வரும். ரீலோட் கடைப் பையனின் போனில் இருந்து ரிப்போர்ட் அனுப்புவதும் வேண்டாம். மனம் தாங்காத நேரத்தில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு அடிக்கலாம்.

அழைப்பு முடிந்த உடனே திகதி, டொக்டரின் பெயர், மாற்றிய மருந்து மூன்றையும் கிளினிக் கொப்பியில் கடைசிப் பக்கத்தில் எழுதி, துண்டின் பிரதியை அதற்குள் வையுங்கள். அடுத்த கிளினிக்கில் அதைக் காட்டாவிட்டால் பழைய மருந்தையே திரும்ப எழுதுவார்கள், அம்மா இரண்டையும் சேர்த்துக் குடிப்பா. "மூணு நாளில குறையாட்டிக் காட்டுங்க" என்று சொன்னால் அந்த மூன்றாம் நாளைக் கலண்டரில் வட்டமிட்டு, அன்றைக்கு யார் கூட்டிப்போவது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். சில செயலிகளில் ஓரிரு நாளுக்குள் அதே டொக்டருக்குக் காசில்லாமல் குறுஞ்செய்தி அனுப்பலாம். ரிப்போர்ட் வர இருந்தால் அந்தக் காலம் முடிய முன்னர் இரத்தம் கொடுங்கள்.